பெயின்ட் படக்கூடாத இடம்

காரை எடுப்பதற்கு முன்னால் நான்கு சக்கரங்களிலும் நட்டுகளைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஒவ்வொரு நட்டையும் இரண்டு விரலால் பிடித்து ஒரு திருகு. அசையாது என்று தெரியும். முந்தின வாரம்தான் ஸ்பேனர் போட்டு இறுக்கியிருப்பேன். இருந்தாலும் கை தானாகப் போகிறது. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்ட அம்மா, "இன்னும் என்னத்தல குனிஞ்சு பாக்க?" என்று கேட்பாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான்காவது சக்கரத்தையும் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன்.

போன வாரம் சித்தி மகன் போன் செய்தான். அவன் கார் ரிம் எல்லாம் துருவேறிவிட்டதாம், வீட்டிலேயே ஸ்ப்ரே கேன் வாங்கி அடித்துவிடலாம் என்று இருக்கிறானாம். எந்தக் கம்பெனி ஸ்ப்ரே நல்லது, எத்தனை கோட்டு அடிக்க வேண்டும் என்று கேட்டான். நான் உப்புத்தாள் நம்பரில் ஆரம்பித்து கிளியர் கோட்டு வரைக்கும் அரை மணி நேரம் பேசினேன். போனை வைத்த பிறகு மனசு ஒப்பவில்லை. முதலில் சொல்ல வேண்டியதை நான் கடைசியில், அதுவும் அவன் "சரிண்ணே, வைக்கட்டுமா" என்று சொன்ன பிறகு, ஒரு வரியில் சொல்லியிருந்தேன். அவன் அதைக் காதில் வாங்கினானா என்றுகூடத் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உப்பு ஊர்

எங்கள் கார் அப்பா 2008-ல் வாங்கிய ஆல்டோ. வெள்ளை நிறம், பன்னிரண்டு இஞ்ச் இரும்பு ரிம், சக்கரத்துக்கு நான்கு நட்டு. அப்பா இருந்தவரை ஞாயிறு காலையில் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு ரிம்மின் ஓட்டைகளுக்குள் எல்லாம் தேய்த்துக் கழுவுவார். தூத்துக்குடியில் கார் வைத்திருப்பவனுக்கு அது தேவையான வேலைதான் என்பது அவர் போன பிறகுதான் புரிந்தது. இங்கே காற்றே உப்பு. ஜன்னல் கம்பிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடிக்காவிட்டால் கம்பி பாளம் பாளமாக உரியும்.

அதற்கு மேல் 2023 டிசம்பர் வெள்ளம் வந்தது. 17, 18 தேதிகளில் பெய்த மழையைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் தெருவில் தண்ணீர் வடிய நாட்கள் ஆயின. கார் சக்கரத்தின் பாதி வரை தண்ணீரில் நின்றது. இன்ஜினுக்குள் போகவில்லை, அந்த மட்டில் தப்பித்தோம். பிரேக்கை மெக்கானிக் கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்தார். ரிம்மை யாரும் கவனிக்கவில்லை. பங்குனி வாக்கில் பார்த்தால் நான்கு ரிம்மிலும் பெயின்ட் அம்மைக் கொப்புளம் மாதிரி எழும்பியிருந்தது. நகத்தால் அழுத்தினால் கொப்புளம் உடைந்து உள்ளேயிருந்து மிளகாய்த்தூள் நிறத்தில் பொடி கொட்டியது.

ஒரு கடையில் கொண்டுபோய் விட்டேன். ஒரே மணி நேரத்தில் பளபளவென்று சில்வர் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். சக்கரத்தைக் கழற்றவே இல்லை, டயரைச் சுற்றிச் செய்தித்தாளை ஒட்டிவிட்டு அடித்திருக்கிறார்கள் என்பது டயர் ஓரத்தில் இருந்த சில்வர் திட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நான்கு மாதத்தில் அதே இடங்களில் அதே கொப்புளங்கள் வந்தன. துருவை மூடினால் துரு நிற்காது. இரும்பின் குழிகளில் உப்பு தங்கிக் கிடக்கும்வரை, மேலே என்ன பூசினாலும் அது உள்ளே ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இனி நானே செய்கிறேன் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். கோபத்தில் எடுத்த முடிவுதான், ஆனால் அதில் எனக்கு ஒரு ஆசையும் இருந்தது. அப்பா துடைத்து வைத்திருந்த சக்கரம் அது.

கேன் தண்ணீர்

ஒரு நாளைக்கு ஒரு சக்கரம் என்று வைத்துக்கொண்டேன். கார் தரையில் நிற்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்து, அப்புறம் ஜாக்கி. கழற்றிய இடத்தில் உடனே ஸ்டெப்னியை மாட்டி இறக்கிவிட வேண்டும். ஜாக்கியின் மேல் காரை இரவு முழுக்க நிற்க வைக்கக் கூடாது. முதல் இரண்டு சக்கரங்களுக்குப் பஞ்சர் கடையில் டயரையும் கழற்றி வாங்கினேன். மற்ற இரண்டுக்குக் காற்றை இறக்கிவிட்டு, பழைய கல்யாணப் பத்திரிகைகளை நீளத் துண்டுகளாக வெட்டி, ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் வரிசையாகச் செருகினேன். மாஸ்கிங் டேப்பை விட இது சுத்தமாக வரும். நல்ல தடிமனான பத்திரிகையாக இருக்க வேண்டும், ஈரத்தில் துவளக் கூடாது. வீட்டில் ஒரு பை நிறைய இருந்தது, எல்லாம் அப்பா சேர்த்து வைத்தவை.

முதலில் வயர் பிரஷ். அப்புறம் 80 நம்பர் உப்புத்தாள், 120, அதற்கு மேல் 220. பெயின்ட் நன்றாக ஒட்டியிருக்கும் இடத்தை வெறும் இரும்பு வரைக்கும் தேய்க்க வேண்டியதில்லை, பளபளப்பு போய் மங்கினால் போதும். துரு இருக்கும் இடத்தில்தான் விடாமல் தேய்க்க வேண்டும். பழைய பெயின்டும் வெறும் இரும்பும் சேரும் விளிம்பில் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பார்ப்பேன். படி மாதிரித் தட்டுப்பட்டால் இன்னும் தேய்க்க வேண்டும் என்று அர்த்தம். கண் ஏமாறும், விரல் நுனி ஏமாறாது. முதல் சக்கரத்துக்கே ஐந்து மணி நேரம் ஆனது. வெயிலில் வைத்தபோது இரும்பு வெள்ளித்தட்டு மாதிரி மின்னியது. சோப்புப் போட்டு, மோட்டார் தண்ணீரில் நன்றாகக் கழுவித் துடைத்து, காலையில் பிரைமர் அடிக்கலாம் என்று வராந்தாவில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் பார்த்தால் மொத்தச் சக்கரமும் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. ஐந்து மணி நேர வேலை. எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு என்பது எனக்குத் தெரியாத விஷயமா? அந்தத் தண்ணீரில் காபி போட்டால் பால் திரியும். ஆனால் கழுவும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை. உப்பை எடுப்பதற்காக இவ்வளவு தேய்த்துவிட்டு, உப்புத் தண்ணீரிலேயே குளிப்பாட்டி, கடற்காற்றில் ராத்திரி முழுக்க வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு முறையை மாற்றினேன். முதல் கழுவலுக்கு மட்டும் போர் தண்ணீர், கடைசி அலசலுக்கு இருபது லிட்டர் குடிதண்ணீர் கேன். உடனே துணியால் ஒற்றி, வெயிலில் இரும்பு சுடும் வரை காய வைத்து, வெள்ளை பனியன் வேஸ்ட்டில் தின்னர் தொட்டுத் துடைப்பேன். துணியில் கறுப்பு ஒட்டுவது நின்ற பிறகு, அன்றைக்கே, மதியத்துக்குள் முதல் பிரைமர் ஏறிவிட வேண்டும். உப்புத்தாள் எட்டாத குழிகளில் மட்டும் துருவைக் கறுப்பாக மாற்றும் திரவத்தைத் தொட்டு வைத்தேன். வெறும் இரும்பில் எபாக்ஸி பிரைமர்தான் இந்த ஊருக்குத் தாங்கும் என்று பெயின்ட் கடையில் சொன்னார்கள். ஒன்றரை வருடமாகப் பார்க்கிறேன், சரியாகத்தான் சொன்னார்கள்.

ஸ்டெப்னி வேறு மாதிரி வம்பு செய்தது. அதற்கு எப்போதோ அப்பா கையாலேயே அலுமினியம் பெயின்ட் அடித்திருந்தார். பிரஷ்ஷில் அடித்தது. பிரஷ்ஷின் மயிர் இரண்டு மூன்று பெயின்டோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. அதன் மேல் ஸ்ப்ரே கேன் பிரைமரை அடித்த சில நிமிடங்களில் மேல் பரப்பு முழுவதும் தயிர் ஆடை மாதிரி சுருங்கிவிட்டது. எனாமல் மேல் தின்னர் வேகம் உள்ள பெயின்டை அடித்தால் அடியில் இருப்பது ஊறிச் சுருங்கும், பழையதை முழுக்க எடுக்காமல் வேறு வழியில்லை. அப்பா அடித்ததைச் சுரண்டி எடுக்க மனசு வரவில்லை. ஆனாலும் எடுத்தேன். அடியில் இரும்பு நன்றாக இருந்தது. சக்கரத்தின் நடுவில், நட்டு ஓட்டைகளைச் சுற்றியும் பின்பக்கம் ஹப்பில், அதாவது காரில் சக்கரம் போய் மாட்டும் தட்டில், உட்காரும் வட்டத்திலும் மட்டும் அவர் பெயின்ட் அடிக்காமல் விட்டிருந்தார். அங்கே லேசாகப் பழுப்பு ஏறியிருந்தது. அவசரத்தில் விட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நான் அதையும் தேய்த்து, ஒரு இடம் பாக்கியில்லாமல் அடித்து முடித்தேன்.

அடிப்பதற்கு நேரம் பார்க்க வேண்டும். விடிகாலை ஈரத்தில் அடித்தால் பெயின்ட் வெளுத்துப் போகும். ஆடிக் காற்றில் அடித்தால் தெருப் புழுதி முழுக்க அதில்தான் வந்து உட்காரும். எனக்குக் கிடைத்தது காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை. கவிழ்த்த பெயின்ட் வாளியின் மேல் ரிம்மை வைத்து, ஒரு ஜாண் தள்ளி நின்று, கேனை அசைத்துக்கொண்டே அடித்து, கொஞ்சம் கொஞ்சமாக ரிம்மைத் திருப்பிக்கொண்டே போவேன். முதல் கோட்டு புள்ளி புள்ளியாகத்தான் விழ வேண்டும், மூடக் கூடாது. பத்து நிமிடம் விட்டு அடுத்தது. பிரைமர் மூன்று, சாம்பல் கலந்த சில்வர் நான்கு, கிளியர் மூன்று. கலந்து அடிக்கும் டூ-கே கிளியர் இன்னும் நன்றாக இருக்கும்தான். ஆனால் அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் சாதாரண மாஸ்க்கைத் தாண்டி நுரையீரலுக்குப் போகும். குழந்தை இருக்கும் வீட்டு முற்றத்தில் அதை அடிக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முடித்துப் பார்த்தபோது உண்மையிலேயே அழகாக இருந்தது. முன்பக்கம், பின்பக்கம், ஓட்டைகளின் உள்விளிம்பு, நட்டு உட்காரும் குழி எல்லா இடத்திலும் கண்ணாடி மாதிரி. கடைக்காரர்கள் செய்யாததை நான் செய்துவிட்டேன் என்று மனைவியை நட்டு ஓட்டைக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னேன்.

முக்காணிக்கு முன்னால்

சக்கரங்களை மாட்டி ஊருக்குள்ளேயே பத்து நாள் ஓட்டினேன். எந்தக் குறையும் இல்லை. ஒரு சனிக்கிழமை காலை அம்மா, மனைவி, மகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர் புறப்பட்டோம். முத்தையாபுரம், முள்ளக்காடு தாண்டி உப்பளங்கள். மகள் உப்புக் குவியல்களை எண்ணிக்கொண்டு வந்தாள். பழையகாயல் தாண்டியதும் ஸ்டீயரிங்கில் ஒரு சின்ன நடுக்கம் வந்தது. ரோடு அப்படி என்று நினைத்தேன். கொஞ்ச தூரத்தில் முன்பக்கம் இடது பக்கமிருந்து தட் தட் என்று ஒரு சத்தம். வேகத்தைக் குறைத்தால் சத்தமும் மெதுவாகிறது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் சத்தம்.

முக்காணி வருவதற்கு முன்னால் ரோட்டோரம் ஒரு பஞ்சர் கடை. ஒரு உப்பு லாரிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதன் பின்னால் நிறுத்தி இறங்கிப் போய்ப் பார்த்தேன். இடது முன் சக்கரத்தின் ஒரு நட்டைத் தொட்டேன். விரலால் சுற்ற வந்தது. பாட்டில் மூடி மாதிரி. அடுத்ததும் வந்தது. மூன்றாவது கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள், "வந்துட்டோமாப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. என்னால் பேச முடியவில்லை.

கடைக்காரர் அறுபது வயதுக்காரர், கையெல்லாம் கறுப்பு. நான் கூப்பிடுவதற்குள் அவரே வந்துவிட்டார். நட்டைப் பார்த்தார், ரிம்மைப் பார்த்தார், மறுபடி நட்டைப் பார்த்தார்.

"புதுசா பெயின்ட் அடிச்சீயளோ?"

"ஆமா அண்ணாச்சி. நானே வீட்டுல அடிச்சேன்."

"நல்லாத்தான் அடிச்சிருக்கீய. ஆனா நட்டு உக்காருற எடத்துலயும் அடிச்சிட்டீயளே தம்பி."

சக்கரத்தைக் கழற்றித் தரையில் போட்டுக் காட்டினார். நட்டின் கூம்பு உட்காரும் குழியில் பெயின்ட் நசுங்கி, வட்டமாகப் பிதுங்கி, ஓரத்தில் மடிந்து சுருண்டிருந்தது. பின்பக்கம் ஹப்பில் ஒட்டும் வட்டத்தில் பெயின்ட் திட்டுத் திட்டாக வழன்று, அதில் பாதி ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. உடைந்த ஹாக்சா பிளேடு ஒன்றை எடுத்து அவர் சுரண்ட ஆரம்பித்தார். சுரண்டிக்கொண்டே சொன்னார்: "எஃப்.சி.க்கு லாரியெல்லாம் பெயின்ட் அடிச்சுக் கொண்டாருவாங்க. ரிம்மு நட்டு எல்லாத்துக்கும் சேத்துப் பூசிருவாங்க. அப்படி அடிச்ச வண்டிக்கு மொத லோடு எறக்கின ஒடனே நட்ட திரும்ப முறுக்கச் சொல்லுவேன். கேக்குறவன் கேப்பான்."

அவர் நான்கு சக்கரத்தையும் கழற்றிச் சுரண்டி முடிக்க ஒன்றே கால் மணி நேரம் ஆனது. அம்மா கடை நிழலில் பெஞ்சில் உட்கார்ந்து முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். காசு கொடுத்தபோது டயர் மாற்றும் கூலிதான் வாங்கினார். திரும்பி வரும்போது நிறுத்தச் சொன்னார், மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டுமாம்.

ஒரு முடி கனம்

அன்றிலிருந்து இந்த விஷயம் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. பெயின்ட் என்ன கனம் இருக்கும்? அதுபோய் ஒரு சக்கரத்தைக் கழற்றிவிடுமா? படித்துப் பார்த்ததில் கணக்கு புரிந்தது. சக்கரத்தை நட்டு தாங்குகிறது என்றுதான் நான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். உண்மையில் நட்டை இறுக்கும்போது ஸ்டட் என்கிற அந்தத் தண்டு மிக மிகக் கொஞ்சமாக, ரப்பர் இழுபடுவது மாதிரி, நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கிற அந்த இழுவிசைதான் ரிம்மை ஹப்போடு சேர்த்து நெரித்துப் பிடித்திருக்கிறது. அந்த நீட்சி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. நான் அடித்த பத்துக் கோட்டும் சேர்ந்தால் அந்தக் கனம் தாராளமாக வந்துவிடும். வண்டி ஓட ஓட, பிரேக் சூட்டில் பெயின்ட் இளகி நசுங்கி, இருந்த இடத்தைக் காலி செய்கிறது. தண்டு நீண்டிருந்த அளவு அங்கேயே போய்விடுகிறது. இறுக்கம் போன பிறகு நட்டைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை.

கம்பெனி ரிம்மிலும் அந்த இடத்தில் பெயின்ட் இருக்கிறதே என்று சித்தி மகன் கேட்கலாம். நியாயமான கேள்வி. நானும் அதை நினைத்துத்தான் தைரியமாக அடித்தேன். தொழிற்சாலையில் ரிம்மைத் தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்திப் பெயின்டை ஏற்றி, அப்புறம் அடுப்பில் சுட்டு எடுக்கிறார்கள். அது மெல்லிசாக, எல்லா இடத்திலும் ஒரே அளவாக, கல் மாதிரி இறுகியிருக்கும். வீட்டில் கேனில் அடித்த பத்துக் கோட்டு எத்தனை நாள் காய்ந்தாலும் அந்த இறுக்கத்துக்கு வராது. பார்வைக்கு இரண்டும் ஒரே பளபளப்புதான்.

இப்போது நான் பிரஷ்ஷையோ கேனையோ எடுப்பதற்கு முன்னால் முதலில் செய்வது, பெயின்ட் படக்கூடாத இடங்களை மூடுவது. நட்டுக் குழி ஒவ்வொன்றுக்கும் அதன் அளவுக்கு மாவு மாதிரிப் பிசைந்த ஈர காகிதத்தை அடைத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. அப்புறம் கடையில் பழைய நட்டுகள் நான்கு வாங்கி, அவற்றையே குழியில் உட்கார வைத்துவிட்டு அடிக்கிறேன். நட்டு எங்கே தொடுமோ அந்த இடம் மட்டும் சரியாக மூடிக்கொள்ளும். பின்பக்கம் ஹப் வட்டத்துக்குப் பத்திரிகை அட்டையில் வட்டம் வெட்டி ஒட்டுகிறேன். நடு ஓட்டையின் உள்விளிம்புக்கு டேப். டயர் கழற்றியிருந்தால் டயர் ஓரம் போய் உட்காரும் வரம்பில் துருவை எடுத்து மெல்லிசாக ஒரு பிரைமர் மட்டும், அதற்கு மேல் கூடாது, இல்லாவிட்டால் காற்று கசியும். மாட்டும் முன் ஹப்பையும் வயர் பிரஷ்ஷால் தேய்த்து, எதிரெதிர் நட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கார் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு, எவ்வளவு முறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்சால் முடிக்கிறேன். ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை. பெயின்ட் இல்லாத அந்த வட்டத்தில் நாளடைவில் லேசாகப் பழுப்பு ஏறத்தான் செய்யும். ஏறட்டும். சக்கரம் கழலும்போதெல்லாம் பிரஷ்ஷால் ஒரு தேய்ப்பு போதும்.

நான்கு சக்கரமும் இப்படித் திரும்ப அடித்தாகிவிட்டது. திருச்செந்தூர் போகும்போதெல்லாம் அந்தக் கடையில் நிறுத்துகிறேன். அண்ணாச்சி பேசிக்கொண்டே ஸ்பேனரைப் போட்டுப் பார்ப்பார். இதுவரை அசையவில்லை.

ஸ்டெப்னி மட்டும் பாக்கியாக இருந்தது. டிக்கியில் கிடப்பதுதானே என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். ஆனால் அது வெளியே வருவது ராத்திரியில், மழையில், நடுரோட்டில்தான். அந்த நேரத்தில் யார் குழியைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள்? போன ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து முற்றத்தில் போட்டு, நட்டுக் குழிகளில் நான் அடித்ததைச் சுரண்டி எடுத்தேன். பின்பக்க வட்டத்தையும் இரும்பு தெரியும் வரை தேய்த்தேன். அப்பா அடிக்காமல் விட்டிருந்த அதே நான்கு குழி, அதே வட்டம். தெரிந்துதான் விட்டாரா, பிரஷ் எட்டாமல் விட்டாரா, கேட்க ஆள் இல்லை. அம்மாவிடம் கேட்டேன். "அவரு அதுக்கு ரெண்டு நாளு உக்காந்திருந்தாருல்லா" என்றாள்.